எனிட் வரைந்த குளிர்காலம்

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், ஜனங்கள் சுற்றிப் பார்க்க வரும் எங்கள் மாளிகைத் தோட்டத்தில் பருவத்துக்கு ஒன்றாக நான்கு கற்சிலைகள் நிற்கின்றன. மழையில் ஊறிய கல் உறைபனியில் வெடித்துவிடும் என்பதால், நவம்பர் முதல் வாரமே நான்குக்கும் பச்சை உறை மாட்டிக் கட்டிவிடுவேன். ஏப்ரலில்தான் அவிழ்ப்பேன். தலைமைத் தோட்டக்காரனாக இருபத்தாறு வருஷம், இதில் ஒரு நாள் பிசகியதில்லை. அப்படியொரு பிடிவாதக்காரன் நான்.

எனிட் பெப் என்பவள் மாளிகையின் தேநீர்க்கடையில் பாத்திரம் கழுவினாள். புருஷன் போன பிறகு, அறுபது வயதில், தூரிகையைப் பிடித்தாள். வசந்தத்தின் சிலையை வசந்தத்தில் வரைந்தாள், கோடையின் சிலையைக் கோடையில். இலையுதிர்காலத்தை அக்டோபர் தூறலில் குடை பிடித்துக்கொண்டு வரைந்தாள். மூன்றும் கடைச் சுவரில் தொங்கின. மிச்சம் குளிர்காலம், போர்வையை இழுத்துப் போர்த்தியபடி குனிந்து நிற்கும் கிழவர்.

"ஏன்யா காஃப், அவரோட காலம் வந்ததும் அவரை மூட்டை கட்டிடுறியே. பனியில அவரைப் பாக்கவே விடமாட்டியா?" என்று என்னைக் கேட்பாள்.

"ஆகஸ்ட்ல வரைஞ்சிட்டு மேல வெள்ளையைப் பூசேன். யாரு கண்டுபிடிக்கப் போறா?"

"நீ பிளாஸ்டிக் பூ நடுவியா?"

போன ஜனவரியில் அவள் பாதி உடம்பாக வந்தாள். கணையத்தில் புற்று, ஈஸ்டர்வரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தோட்டம் முழுக்கப் பனி கொட்டிக் கிடந்தது.

"ஒரு மணி நேரம் அவிழ்த்து விடு, காஃப். இனிமே உன்னை எதுவும் கேக்க மாட்டேன்."

ஒரு மணி நேரத்தில் கல் ஒன்றும் வெடித்துவிடாது. அது எனக்கே தெரியும்.

"உனக்கு அவிழ்த்தா நாளைக்கு இன்னொருத்தர் வந்து நிப்பாங்க எனிட். சட்டம்னா சட்டம்தான்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், பாவி.

அவள் சண்டை போடவில்லை. மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்து ஏதோ கோடு போட்டாள். மூட்டையை வரைகிறாளாக்கும் என்று நினைத்தேன். குளிர் தாங்காமல் அவள் கிளம்பும்வரை அங்கேயே காவல் நின்றேன்.

பிப்ரவரியில் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறுவாரம் அவள் மகள் க்வெண்டா நான்காவது படத்தைக் கொண்டுவந்து மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் மாட்டினாள்.

"அம்மா கடைசிவரைக்கும் இதைத்தான் வரைஞ்சிட்டிருந்தாங்க, அங்கிள்."

படத்தில் சிலையும் இல்லை, மூட்டையும் இல்லை. எங்கும் பனி. நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நான். கீழே அவள் கையெழுத்தில், 'குளிர்காலம்'.

"அச்சு அசல் நீதான்யா" என்று கடைப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு நான் அப்படித்தான் நின்றேன். அதில் ஒரு கோடுகூடப் பொய் இல்லை.