விஜயநகரில் அம்மா பார்த்த வீடுகள்

மைசூர் விஜயநகரில் நாங்கள் இருந்த பக்கம் ஒரு வீட்டைப் போல இன்னொரு வீடு இருக்காது. மனை மட்டும் பெரும்பாலும் ஒரே அளவுதான், முப்பதடிக்கு நாற்பதடி. அதற்குள் அவரவர் தங்கள் ஆசையையெல்லாம் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். தினமும் அரண்மனையைப் பஸ்ஸில் கடந்துபோகிற ஒருவர், தன் மொட்டைமாடியிலும் அதே மாதிரி ஒரு குமிழ்க் கோபுரம் வைத்துவிட்டார். அவருக்குப் பக்கத்து வீடு கேரளத்து ஓட்டுச் சரிவு. அதற்கடுத்தது கப்பல். வட்ட வட்டமாக ஜன்னல்கள், மாடியைச் சுற்றி எவர்சில்வர் கம்பி. எதிர்வீட்டுக்கு முகப்பு முழுக்கக் கண்ணாடி. சாயங்காலத்தில் கோபுரமும் கப்பலும் அதில் சேர்ந்து மின்னும். ஒன்பது வயதில், உலகத்தில் உள்ள ஊர்களெல்லாம் எங்கள் நாலு தெருவுக்குள் வந்து குடியேறிவிட்டதாகவே நான் நம்பினேன்.

நாங்கள் வாடகைக்கு இருந்தது ஒரு வீட்டின் பின்பகுதி. அதற்கு முகப்பே கிடையாது. பக்கவாட்டுச் சந்து வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். அப்பாவுக்கு அரசாங்க உத்தியோகம். சொந்த வீட்டுப் பேச்சை அம்மா எடுத்தால், “பாக்கலாம், பிடு” என்பார். பாதி தமிழ், பாதி கன்னடம். இரண்டிலும் இப்போதைக்கு நடக்காது என்றுதான் அர்த்தம்.

அதனால் அம்மா சாயங்காலமானால் என்னை இழுத்துக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்பிவிடுவாள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் நிற்போம். நான் வாய் பிளந்து பார்ப்பேன். அம்மாவும் அப்படித்தான் பார்ப்பாள், ஆனால் குறை சொல்லிக்கொண்டே பார்ப்பாள். “இத்தனை தூணு எதுக்கு, மாடியில யானையா கட்டப் போறாங்க?” இதையெல்லாம் சத்தமாகவே சொல்வாள். தமிழ் எங்களுக்கு வீட்டுக்குள் பேசவும் தெருவில் ரகசியம் பேசவும் ஏற்பட்ட மொழி. கடையில் விலை படியாவிட்டாலும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைப் பிடிக்காவிட்டாலும், அவர் முகத்துக்கு நேராகவே தமிழில் சொல்லிக்கொள்வோம்.

எல்லா வீடுகளிலும் அம்மாவுக்கு மிகவும் பிடித்தது தெருமுனையில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு வீடு. அஸ்திவாரத்திலிருந்தே அதைப் பார்த்துவந்தோம். நாங்கள் போகும் நேரத்தில், தலையில் துண்டு கட்டிய ஒரு பெண், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவர்களுக்குக் குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பாள். சித்தாள் என்று நினைத்தோம். அவளுக்கு அருகிலேயே மணல் குவியல் மேல் ஏறி நின்று, அம்மா அந்த வீட்டை அங்குலம் அங்குலமாக அலசினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வாழைமரம் கட்டியிருந்தார்கள். தெருவை அடைத்துப் பந்தல். கிரகப்பிரவேசம். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சும்மா நடந்துவிட்டு வரலாம் என்று என்னைக் கூப்பிட்டாள். ஆனால் அழைப்பில்லாத வீட்டுக்குள் எப்படிப் போவது? எதிர்ப்புறம் நின்று எட்டி எட்டிப் பார்த்தோம். அந்த வீட்டின் உட்புறத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட அவள் எவ்வளவு தவித்தாள் என்பது என் கையைப் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்தது.

அப்போது வாசலிலிருந்து ஒரு பெண் நேராக எங்களிடம் வந்தாள்.

“அங்கயே நின்னா எப்படிங்கக்கா? உள்ள வாங்க.”

சுத்தமான தமிழ். தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அதே பெண்தான், இப்போது அரக்குப் பட்டில். வீட்டுக்காரியே அவள்தான் என்பதும், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. எனக்கு நாங்கள் பேசியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. முகப்புத் தூணை அம்மா பூசணிக்காய் என்றிருந்தாள். இந்தப் படிக்கட்டில் பல்லிதான் ஏறும் என்றிருந்தாள். என் பங்குக்கு நானும் கேட்டின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன்.

உள்ளே கால் வைத்ததும் பயம்கூட மறந்துவிட்டது. தரையில் என் முகம் தெரிந்தது. கூரையின் விளிம்புகளில் விளக்கு எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் வெளிச்சம் மட்டும் வழிந்தது. அந்தப் பெண் எங்கேயும் நிற்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மாவைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். தனியாக வைத்துத் திட்டப்போகிறாள் என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

அடுப்புக்கு நேர் எதிரே அகலமாக ஒரு ஜன்னல். கிழக்கே தெரு முழுவதும் தெரிந்தது.

“நின்னு சமைக்கிறவ செவுத்தையே பாத்துட்டு நிக்கணுமான்னு ஒரு நாள் சொல்லிட்டுப் போனீங்களே. ராத்திரியெல்லாம் அதே நெனப்புங்க. மேஸ்திரி கத்துனாரு, எங்கூட்டுக்காரருந்தான். கட்டுன செவுத்த இடிச்சு வெக்கச் சொல்லிட்டேனுங்க.”

அம்மா ஜன்னலின் கருங்கல் விளிம்பைத் தடவினாள். பிறகு அடுப்பு முன்னால் போய், சமைக்கிறவள் நிற்கிற இடத்தில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்களில் தண்ணீர் வழிந்தது. இவ்வளவு அழகான வீட்டுக்குள் வந்து யாராவது அழுவார்களா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தாம்பூலப் பையோடு திரும்பும்போது, கப்பல் வீட்டருகே அம்மா நிற்கவே இல்லை. நமக்கும் அந்த மாதிரி ஜன்னல் எப்போது வைப்போம் என்று கேட்டேன்.

“நம்ம ஜன்னல்தான் வெச்சாச்சே, வா” என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கே மனை வாங்கினார்கள், எப்போது சுவர் எழுப்பினார்கள், ஒன்றையுமே என்னிடம் சொல்லவில்லை. இருந்தாலும் மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கள் சொந்த வீடு ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னேன்.