பரீட்சைக்கு ஒன்று, பரலோகத்துக்கு ஒன்று

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கொடைக்கானல் ஏழுரோடு ஜங்ஷனில் ஒருவர் என்னை மடக்கிவிட்டார்.

நல்ல மூடுபனி. எதிரே வருவது ஆளா, சவாரிக் குதிரையா என்றே தெரியவில்லை. மஃப்ளருக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. “சார், நீங்க பேப்பர்ல எழுதுற சார்தானே?”

வத்தலக்குண்டுக்காரராம். வாராவாரம் படிக்கிறாராம். ராகு காலத்தைக் கிண்டல் செய்து நான் எழுதியதைக் கத்தரித்துக் கடையில் ஒட்டி வைத்திருக்கிறாராம். “யாருக்கும் பயப்படாம எழுதுறீங்க சார். அந்தத் துணிச்சல் இருக்கு பாருங்க...” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

துணிச்சலா? எனக்கா? கையை உருவிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. பஸ் வந்துவிட்டது என்று பொய் சொல்லித்தான் தப்பித்தேன்.

ஏன் ஓடினேன் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரப் பத்தி. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாவிட்டால் இன்னும் வெட்கம்.

நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் பயாலஜி வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் சர்ச் கமிட்டி மெம்பர். பத்தொன்பது வருஷமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பரிணாமப் பாடம் நடத்துகிறேன். வருஷா வருஷம் அந்தப் பாடத்தை ஒரே வாக்கியத்தோடுதான் ஆரம்பிப்பேன் — “இது பரீட்சைக்கு. சர்ச்ல சொல்றது பரலோகத்துக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

பிள்ளைகள் சிரிப்பார்கள். எந்த வீட்டிலிருந்தும் புகார் வராது. கெட்டிக்காரத்தனம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டிருந்தேன்.

ஆனால் என் மனசில் இருப்பது அது இல்லை. மனசில் இருப்பதை நான் ஒரே ஒரு ஆளிடம்தான் பேசுவேன். எங்கள் லேப் அசிஸ்டென்ட் எஸ்தர்.

எஸ்தரின் அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். எஸ்தர் பிறந்தது இங்கேதான் என்றாலும், டீயை இன்னும் ‘தேத்தண்ணி’ என்றுதான் சொல்லும். பதினோரு மணி இடைவேளையில் அது போடும் இஞ்சித் தேத்தண்ணிதான் எங்கள் பேச்சுக்கு மணி. நான் பாடம் நடத்தும்போதெல்லாம் கடைசி மேஜையில் ஸ்லைடு துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கும். மாணவர்கள் கேட்காத கேள்வியை எல்லாம் கேட்கும்.

ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே ஒரு சிரிப்பான் குருவி கத்திக்கொண்டிருந்தது. எங்கள் மலைக்காரர்களுக்குத் தெரியும், கெக்கெக்கே என்று சிரிக்கிற மாதிரியே கத்தும். நான் சொன்னேன், “இங்க இதுக்கு நெஞ்சு சாம்பல். நீலகிரில இருக்கிறதுக்குச் செம்பழுப்பு. ஒரு காலத்துல ரெண்டும் ஒரே இனம் எஸ்தர். நடுவுல பள்ளம் பிரிச்சிருச்சு. யுகம் யுகமா தனித்தனியா இருந்து, வேற வேற பறவையாயிருச்சு.”

எஸ்தர் துணியைக் கீழே வைத்துவிட்டது. “அப்ப வேதத்துல ஆறு நாள்னு போட்டிருக்கே சார். அது பொய்யா?”

“பொய்யில்ல. சூரியனையே நாலாம் நாள்தான் படைக்கிறார். அப்ப முத மூணு நாளை எந்த வாட்சைப் பார்த்து அளந்தது? வீட்டைக் கட்டுனது யாரு, எதுக்குக் கட்டுனதுன்னு வேதம் சொல்லுது. எப்படிக் கட்டுனதுன்னு சயின்ஸ் சொல்லுது. ரெண்டும் ஒரே வீட்டைப் பத்திதான்.”

எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக் குருவியைப் பார்த்தது. பிறகு, “அப்ப இந்தக் குருவிய ஆண்டவர் இன்னும் செஞ்சுக்கிட்டேதான் இருக்காருன்னு சொல்லுங்க” என்றது. அடடா! எனக்குத் தோன்றாதது அது. அன்றைக்கு நான் படித்தவன் என்ற மமதை கொஞ்சம் இறங்கியது.

சரி, இதில் என்ன பிரச்சினை?

எஸ்தர் பன்னிரண்டு வருஷமாக ஞாயிறு பள்ளி டீச்சர். வாரம் முழுக்கப் பீக்கர் கழுவுகிறவளுக்கு, ‘டீச்சர்’ என்று நாலு பேர் கூப்பிடுவது அந்த ஒரு மணி நேரம்தான். சனிக்கிழமையே வண்ணக் காகிதம் வெட்டிப் படம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு மாதத்துக்கு முன் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, “டீச்சர், உலகத்தை நெஜமாவே ஆறே நாள்லயா செஞ்சாங்க?” என்று கேட்டிருக்கிறாள். எஸ்தர் என் வாட்ச் கதையைச் சொல்லி, வீட்டுக் கதையையும் சொல்லியிருக்கிறது. வார்த்தை மாறாமல்.

அந்தச் சிறுமி யார்? எங்கள் சர்ச் செக்ரட்டரி, சாக்லேட் கடை தங்கதுரை அண்ணாச்சியின் பேத்தி. முடிந்தது கதை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. டீ, வர்க்கி, அண்ணாச்சியின் முகம் — மூன்றுமே சூடு. எஸ்தரைக் கதவு பக்கத்தில் நிற்க வைத்திருந்தார்கள். உட்கார நாற்காலி இருந்தது. உட்காருங்க என்று யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

“எம் பேத்தி வீட்டுக்கு வந்து, தாத்தா, அந்த ஆறு நாள் நம்ம ஆறு நாள் இல்லையாம்ங்குது. இன்னைக்கு ஆறு நாள் இல்லைம்பாக, நாளைக்கு ஆண்டவரே இல்லைம்பாக! யாரும்மா ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?”

நான் வர்க்கியை டீயில் முக்கினேன். எஸ்தர் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தது. நான் டீ கிளாஸைப் பார்த்தேன்.

“யாரும் சொல்லலைங்க. நானா யோசிச்சதுதான்.”

எங்கள் ஆயர் சாது மனுஷன். அவர் என் பக்கம் திரும்பி, “சார், நீங்க பயாலஜி படிச்சவங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டார். மெதுவாக, பொறுமையாகக் கேட்டார். எனக்கு முன்னால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற மாதிரிதான் அது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“அது வெறும் தியரிதானே அய்யா. நான் கிளாஸ்லயே சொல்லிருவேன் — இது பரீட்சைக்கு, அது பரலோகத்துக்குன்னு.”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி என் முதுகில் தட்டி, “படிச்சவுகன்னா இப்படியில்ல இருக்கணும்!” என்றார். வெளியே சர்ச் வளாகத்துப் பேரி மரத்தில் ஒரு சிரிப்பான் கெக்கெக்கே என்றது. அந்தக் காலத்தில், ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று மறுதலித்த சீடருக்குச் சேவல் கூவியது. அவர் வெளியே போய் மனங்கசந்து அழுதார். நான் இன்னொரு வர்க்கி எடுத்துக்கொண்டேன்.

எஸ்தரைக் ‘கொஞ்ச நாள் ரெஸ்ட்’ எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பதிலுக்குப் பீடத்தில் பூ வைக்கிற பொறுப்பு. பூ என்ன கேள்வியா கேட்கப்போகிறது?

எனக்குச் சாக்கு இல்லாமல் இல்லை. மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். இதே சர்ச்சில் மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசிக்க வேண்டும். அண்ணாச்சியைப் பகைத்துக்கொள்ள முடியுமா... இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்லவா? மகளுக்குக் கல்யாணம் இல்லாவிட்டாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

ராகு காலத்தைப் பற்றி எழுதியபோது எனக்குக் கை நடுங்கவே இல்லை. ஏன் நடுங்கும்? அது அடுத்த வீட்டு நம்பிக்கை. அடுத்த வீட்டு ஒட்டடை அடிக்க நமக்கெல்லாம் எவ்வளவு நீளமான கம்பு! சொந்த வீட்டுக்குள் வந்தால் அதே கம்பு எங்கே போய்விடுகிறது என்று தெரியவில்லை. பேப்பரில் புலி, சர்ச் ஹாலில் எலி. அதுதான் நான்.

இதோடு போயிருந்தால்கூட மறந்து தொலைத்திருப்பேன். பத்து நாள் கழித்து ஆயரைப் போஸ்ட் ஆபீஸில் பார்த்தேன். அவரே பேச்சை எடுத்தார். “அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு எதிர்பார்த்தேன் சார். அதைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாச்சியச் சமாதானப்படுத்திருப்பேன். எனக்கும் எஸ்தர் சொன்னதுதான் நினைப்பு.”

அவர் என்னை நம்பிச் சும்மா இருந்திருக்கிறார். நான் எல்லாருக்கும் பயந்து சும்மா இருந்தேன். அந்த அறையில் ஏழு பேர். இன்னும் எத்தனை பேர் இப்படி ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோமோ! நின்றுகொண்டிருந்தவள் ஒருத்திதான் பேசினாள். விசுவாசம் போய்விடும் என்று பயந்தோமே, அந்த அறையில் விசுவாசத்தோடு இருந்ததே எஸ்தர் ஒருத்திதான் என்று இப்போது தோன்றுகிறது. உண்மை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஆண்டவர் அதற்குப் பயப்பட மாட்டார் என்று நம்பியது அவள்தானே? நானோ, ஆண்டவரை ஒரு குருவியிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவுக்கும் எஸ்தர் கமிட்டிக்கு மறுநாளே வழக்கம்போல இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தது. ஒரு சுணக்கம், ஒரு முகத்திருப்பல்... ஒன்றும் கிடையாது. என்ன ஒன்று, அதற்குப் பிறகு அது கேள்வி கேட்பதில்லை. கிளாஸை வைத்துவிட்டுப் போய்விடும்.

ஆயரைப் பார்த்ததற்கு மறுநாள் எனக்குத் தாங்கவில்லை. கேட்டுவிட்டேன். “எஸ்தர், தப்பு என் மேலதான். மன்னிச்சிரு. ஆனா ஒண்ணு சொல்லு. சார்தான் சொன்னாருன்னு நீ ஏன் அன்னைக்குச் சொல்லல?”

எஸ்தர் டெஸ்ட் டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னது.

“நான் சொல்லி, நீங்க இல்லைன்னுட்டா என்ன சார் பண்றது? அதை நின்னு பாக்குறதுக்கு எனக்குத் தெம்பு இல்லைங்க.”

இரண்டு வாரமாக அந்தப் பதிலோடுதான் இருக்கிறேன். என்னைக் காப்பாற்ற அது பொய் சொன்னது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. என் லட்சணம் எஸ்தருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

அதனால் எழுதுகிறேன். தங்கதுரை அண்ணாச்சி, நீங்கள் இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் பேத்தி கேட்ட அந்த வாட்ச் கதை என்னுடையது. வீட்டுக் கதையும் என்னுடையது. எஸ்தர் யோசித்தது ஒன்றே ஒன்றுதான் — ஆண்டவர் இன்னும் செய்துகொண்டே இருக்கிறார் என்பது. அது நாம் எல்லாரும் பேசியதைவிட நல்ல பிரசங்கம்.

ஆனால், இதையும் பேப்பரில்தானே சொல்கிறேன்? பேப்பரில்தான் நான் புலியாயிற்றே! இது சனிக்கிழமை அச்சில் வரும். ஞாயிறு காலை எட்டரைக்கு ஆராதனை, பிறகு கமிட்டி. அங்கே எழுந்து நின்று, எஸ்தருக்கு வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று வாயால் சொன்னால்தான் கணக்கு.

வத்தலக்குண்டு நண்பரே, திங்கட்கிழமை ஏழுரோட்டில் என்னைப் பார்த்தால் கையைப் பிடிக்காதீர்கள். சட்டையைப் பிடித்துக் கேளுங்கள் — “சொன்னீங்களா சார்?”