எழுநூறு ரூபா கூடக் கொடுத்துக் கேட்ட சத்தம்

நாலாபக்கமும் சத்தம் வருகிற தியேட்டருக்குக் கூடுதல் காசு கொடுப்பது தகுமா என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிற இருவர் கேட்டிருந்தார்கள். பெருநாள் கழிந்த இரண்டாம் கிழமை கொழும்புக்குப் போய்ப் பார்த்தேன். எனக்கென்று ஒரு காரணமும் இருந்தது. எனக்குக் காது மந்தம், இனித் தனியாகப் பயணம் போகக் கூடாது என்று என் தங்கை நிஹாறா சொல்லத் தொடங்கியிருந்தாள். என் கணவர் மௌத்தான பிறகு ஆறு வருடமாகத் தனியாகவே போய்வருகிறவள் நான். அவள் சொல்வது பிழை என்று காட்ட அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

வியாழன் காலை 6.00 மணிக்குக் கல்முனையில் ஏசி பஸ், ஆளுக்கு 2,600 ரூபா. ஏறத்தாழ 350 கிலோமீற்றர். ஹபறணையில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். பருப்பு நல்லது, கழிவறை நல்லதல்ல. 3.20க்குக் கொழும்பு. நிஹாறாவின் மகள் வீட்டில் தங்கினோம்.

வெள்ளி காலை 10.30 காட்சி. சாதாரண டிக்கெட் 1,100, இது 1,800. கூரையிலும் ஸ்பீக்கர்கள். படத்தில் மழை பெய்தபோது நிஹாறா அண்ணாந்து பார்த்தாள். எனக்கு அந்த மழை எங்கோ தூரத்தில் பெய்தது. இடைவேளையில் சொன்னேன். அவள் என் தலையைப் பார்த்தாள். பயணத்துக்கு நான் கட்டுவது உள்ளே இறுக்கமான தொப்பி, மேலே இரண்டு மடிப்புத் துணி, நான்கு ஊசி.

“ராத்தா, காதை மூடிக் கட்டிப்போட்டு, சத்தத்துக்கு எழுநூறு கூடக் குடுத்திருக்கீங்க.”

பெண்கள் கழிவறையில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அவள் பையில் வைத்திருந்த மெல்லிய ஷோலைத் தளர்வாகப் போட்டுக்கொண்டேன். இரண்டாம் பாதியில் சத்தம் தெளிவாக வந்தது. குற்றம் துணியில்தான் என்று நிம்மதியாக இருந்தேன். அப்போது ஒரு ஹெலிகொப்டர் வலப்பக்கச் சுவரில் தொடங்கி, தலைக்கு மேலே வந்து, அங்கேயே நின்றுபோனது. திரையில் அது இன்னும் பறந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் இடப்பக்கம் திரும்பினார்கள். வலது காதை விரலால் அடைத்துப் பார்த்தேன். தியேட்டரே அடங்கிவிட்டது.

மறைத்திருக்கலாம். வெளியே வந்ததும் நிஹாறாவிடம் இடது காது கேட்கவில்லை என்று சொன்னேன்.

“பஸ்ஸில உங்கட இடப்பக்கம் இருந்து ஹபறண வரைக்கும் கதைச்சன். ஒண்டுக்கும் பதில் இல்ல. கோவமெண்டு நினைச்சன்.”

கோபமும் இருந்தது என்றேன்.

சனிக்கிழமை அதே படத்தை 1,100 ரூபா மண்டபத்தில் பார்த்தேன். இடப்பக்க ஓரத்து ஆசனம், வலது காது படத்தின் பக்கம். பேச்செல்லாம் முன்னாலிருந்தே வருகிறது. ஒரு சொல்லும் தவறவில்லை.

ஆகவே என் முடிவு: இரண்டு காதும் நன்றாகக் கேட்பவர்கள், மழை, கடல், சண்டை நிறைந்த படமானால் எழுநூறு ரூபாவைத் தாராளமாகக் கொடுங்கள். ஆட்கள் கதைத்துக்கொண்டே இருக்கிற படத்துக்கு வேண்டாம். நல்ல ஆசனமாகப் பார்த்து இருங்கள். காதை மூடிக் கட்டுகிற பெண்கள் மெல்லிய துணி கொண்டுபோங்கள். எந்த மண்டபத்திலும் ஒவ்வொரு காதாக அடைத்துப் பாருங்கள். கண்ணாடி போடக் கூசாத நாம் காதைக் காட்டக் கூசுகிறோம்.

காது டொக்டருக்கு வரும் புதன்கிழமை நம்பர் எடுத்திருக்கிறேன். மட்டக்களப்புக்கு 7.15 பஸ். நிஹாறா தானும் வருகிறாளாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.