குடுமி வைத்த கருஞ்சேவல்

கோழி அடையை விட்டு எழுந்ததும் தங்கதுரை கூடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து முதலில் நிறம் பார்ப்பார். பிறகு ஆள்காட்டி விரலால் உச்சந்தலையைத் தடவுவார். மேடு தட்டினால் அங்கே பின்னாளில் இறகுக் குடுமி முளைக்கும்; தட்டாவிட்டால் மொழுக்கு. "மஞ்ச, குடுமி. கருப்பு, மொழுக்கு. மஞ்ச, குடுமி." கடைசிக் குஞ்சையும் இறக்கிவிட்டு என்னைப் பார்ப்பார். "எல்லாம் அதே ஜோடிதாங்க." மஞ்சள் குஞ்சு வளர்ந்தால் வெள்ளை. அவருக்கு வேண்டியது கருப்பில் குடுமி.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் வழியில், கச்சிராயபாளையத்துக்கு இப்பால், அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். வயது ஐம்பத்து மூன்று. இரண்டு ஏக்கரில் மரவள்ளி. சட்டைப் பையில் எந்நேரமும் இரண்டு முட்டை இருக்கும் என்பதால் கல்யாண வீட்டில்கூட யாரும் அவரைக் கட்டித் தழுவுவதில்லை.

தலை தடவுகிற பழக்கம் கோழியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் தங்கை மகனுக்குப் பேர் வைத்த அன்று தொட்டிலுக்குள் கையை விட்டுக் குழந்தையின் உச்சியைத் தடவினார். "அப்பன் மூக்கு எறங்கிடுச்சு. கூடவே அப்பன் கொறட்டையும் வரும், பாருங்க. ரெண்டும் ஒரே சீட்டுல வர்ற ஜோடி." குறட்டைக்குரிய மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அன்று பந்தியில் எங்களுக்கு விழுந்த பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

இவ்வளவுக்கும் மூலம் அவர் மனைவி இருசம்மாள். ஐந்து வருஷத்துக்கு முன் மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து தங்கதுரை நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வராந்தாவில் நின்று அந்த அம்மாள் முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டாள்: "எங்க வூட்ல பொறந்த, குடுமி வச்ச கருஞ்சேவல அறுக்கறேன், என் ஊட்டுக்காரரக் குடு." வீட்டில் அப்போது இருந்தது குடுமி வைத்த ஒரு வெள்ளைச் சேவலும், குடுமியில்லாத நான்கு கருப்புக் கோழிகளும். பதற்றத்தில் அதில் பாதியையும் இதில் பாதியையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் தங்கதுரை எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். முனியப்பன் தன் பங்கை முடித்துவிட்டார். வேண்டுதலை மாற்ற முடியாது, சொன்னது சொன்னதுதான் என்று பூசாரி காசிநாதன் கையை விரித்துவிட்டார்.

சந்தைக்குச் சந்தை அலைந்து வாங்கலாம் என்றால், வீட்டில் பிறந்ததாக இருக்க வேண்டுமே! தங்கதுரை கால்நடை மருந்தகத்து டாக்டர் சந்தியாவைப் போய்ப் பிடித்தார். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி, வெள்ளைச் சேவலுக்கும் கருப்புக் கோழிக்கும் பிறந்த குடுமிச் சேவலை மறுபடியும் கருப்புக் கோழிகளோடு விட்டார். டாக்டர் படம் போட்டு விளக்கியதை ஊருக்கு அவர் பஸ் வைத்து விளக்குவார்.

"குடுமியும் வெள்ளையும் ஒரே பஸ்ஸுல பக்கத்துல பக்கத்துல குந்திக்கினு வர்ற ஜோடிங்க. வழியில பஸ்ஸு ரிப்பேரு. கண்டக்டரு பாதி ஜனத்த வேற பஸ்ஸுல ஏத்தறாரு. முன்னால ஒருத்தன் பின்னால ஒருத்தன்னா சுளுவா பிரிஞ்சிடுவானுங்க. ஒட்டிக் குந்திக்கினு இருக்கறவனுங்க பிரியணும்னா, கண்டக்டரு கை கரெக்டா அவனுங்க நடுவுல உழணும். எட்டுல ஒண்ணு அப்படி உழுதாம். அதுலயும் பாதிதான் நமக்கு வேண்டிய பக்கம். அதுலயும் பாதிதான் சேவலு."

அந்தக் கை விழ நான்கு வருஷம் ஆயிற்று. குடுமியில்லாத வெள்ளைகள் ஐந்தாறு வந்தன. அவற்றைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "எறங்க வேண்டியவன் எறங்காம வேற எவனோ எறங்கிட்டான்" என்பார். கருப்பில் குடுமியாக ஒன்று வந்து, மூன்றாம் வாரம் பருந்துக்குப் போயிற்று. அன்று மனிதர் சாப்பிடவில்லை. போன மாசியில் அடுத்தது வந்தது. ஆடிக்குள் பளபளவென்று வளர்ந்து, தலையில் கைப்பிடிக் குடுமியோடு என் வீட்டு மதில்மேல் நின்று கூவியது.

இருசம்மாள் முனியப்பனுக்குப் பொங்கல் வைக்க அரிசி புடைத்தாள். தங்கதுரைக்கு முகமே சரியில்லை.

"இதுக்கு இன்னும் ஒரு குஞ்சுகூட பொறக்கலயேம்மா. இப்போ கருப்பும் குடுமியும் ஒரே சீட்டுல குந்தியிருக்குது. இதோட புள்ளைங்களுக்கு ஜோடியா எறங்கும். இத்த அறுத்துட்டா மறுபடியும் மொதல்லருந்து பஸ்ஸு ஏறணும்."

"உங்க உசுருக்கு வேண்டிக்கினதுங்க. உங்க உசுரு இன்னா கம்மியா பூடுச்சா?" என்றாள் அவள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கே இரண்டு பேரில் யார் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை.

ஆடி வெள்ளியன்று மலையடிவாரத்தில் முனியப்பன் முன்னால் நின்றோம். காசிநாதன் சேவல் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது உடம்பைச் சிலிர்த்து உதறியது. உத்தரவு கிடைத்துவிட்டது. காசிநாதன் கத்தியை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க" என்று தங்கதுரை சேவலைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். அன்றைக்குப் பையில் முட்டை இல்லை. இரண்டே வெட்டு. குடுமி மொத்தமும் வெற்றிலைமேல் விழுந்தது.

"எங்க வூட்ல பொறக்கற புள்ளைக்கெல்லாம் மொத முடி இந்தச் சாமிக்குத்தான எறக்கறோம்? இதும் எங்க வூட்ல பொறந்ததுதான். முடிய இப்போ எடுத்துக்கட்டும். தலைக்கு அடுத்த ஆடி வரைக்கும் டயம் குடுக்கட்டும். அதுக்குள்ள இதுக்கு நாலு புள்ள பொறந்துடும்."

காசிநாதன் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "வேண்டிக்கினது அவங்க. அவங்க சொல்லட்டும்" என்று இருசம்மாளைப் பார்த்தார்.

இருசம்மாள் முனியப்பனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு தட்டிலிருந்த சந்தனத்தை நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, சேவலின் மொட்டைத் தலையில் வழித்துப் பூசினாள்.