கடுங்காப்பியில் போட்ட மாத்திரை

காலை ஐந்து நாற்பது. கண் விழித்ததும் நான் பார்த்தது சித்தியின் உள்ளங்கையை. அதில் செங்கல் நிறத்தில் ஒரு மாத்திரை. எழுந்து அடுப்பு மூட்டிக் கடுங்காப்பி வைத்தேன். சித்தி மாத்திரையை வாயில் போட்டு, காப்பியைக் குடித்து விழுங்கினார். ஒரு மாதமாக அது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எண்பதுகளின் நடுவில், ஏற்காட்டு மலையில் கரடியூரில், எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தங்கையான சித்தி எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை தரம் பிரித்துக்கொண்டிருந்தார். இடது மார்பில் புற்றுக்கட்டி. மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கினால்தான் அறுவை செய்ய முடியும் என்று சேலத்து ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை ஏற்றியாயிற்று. மூன்றாவதற்குப் போனபோது ரத்தம் போதாது என்று இரும்பு மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று மறுபடியும் போனோம். அம்மா, சித்தி, நான். ரத்தம் எடுத்தார்கள். பதினொரு மணிக்கு நர்ஸ் சீட்டோடு வந்தார்.

"ஏனுங்க, ரத்தம் ஏறவே இல்லியே. மாத்திரைய நீங்க போடறீங்களா, கோழிக்குப் போடறீங்களா?"

"ஒரு நாளும் தப்பலீங்க. வேணும்னா இவளக் கேளுங்க" என்றார் சித்தி.

"ஆமாங்க. நாந்தான் காப்பி வெச்சுக் குடுப்பேன்" என்றேன்.

"மாத்திரைய காப்பிலயா முழுங்கறீங்க?"

"எங்க ஊட்டுல தண்ணிக்குப் பஞ்சம் வரும், காப்பிக்கு வராதுங்க" என்று சித்தி சிரித்தார்.

நர்ஸ் சிரிக்கவில்லை. காப்பி இரும்பை உடம்பில் சேர விடாது என்றார். "இந்த ரத்தத்துல மருந்து ஏத்துனா நீங்க தாங்க மாட்டீங்க. தண்ணில முழுங்கிட்டு மூணு வாரம் கழிச்சு வாங்க."

சித்தி என் தலையில் கை வைத்தார். "போச்சாது உடு கண்ணு. இன்னிக்கு வாந்தி இல்ல. வா, புரோட்டா திங்கலாம்."

மருந்து ஏற்றிய இரண்டு தடவையும் மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தவர். அன்று ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் குரங்கு காட்டிக்கொண்டு வந்தார். அவ்வளவு நல்ல பஸ் பயணம் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. அம்மா மட்டும் ஏற்காடு வரும்வரை முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தார். அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் சித்தி வெந்நீரில் மாத்திரை போட்டார். மறுபடி சேலம் போனபோது போதுமான அளவு ரத்தம் ஏறியிருந்தது. கட்டி கக்கத்துக்குப் பரவியிருந்தது.