நாற்பது மாடு, ஒரு வறட்டி இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு, அடையாற்றின் நடுவே உள்ள ஒரு மண்திட்டில், நாற்பது மாடுகளுக்கு மத்தியில் நின்றுகொண்டு, நாங்கள் வறட்டி கிடைக்காமல் தவித்தோம்.

நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நிமிடக் கணக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும் — மழை வந்தால்கூட எத்தனை மணிக்குத் தூற ஆரம்பித்தது என்று நோட்டில் குறித்துவிட்டுத்தான் குடையை விரிப்பேன். அந்த ஒரு தகுதிக்காகவே மயிலாப்பூரில் எங்கள் தெருச் சங்கம் என்னைச் செயலாளர் ஆக்கியிருக்கிறது. தலைவர் ராமசேஷன். ரிடையர்டு இன்ஜினீயர். பணியில் இருந்தபோது கட்டிய பாலங்களைவிட, ஓய்வு பெற்ற பிறகு போட்ட திட்டங்கள் அதிகம்.

அந்தத் திட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு கடலுக்குப் போகும் அவசரத்தில் இரண்டாகப் பிரிந்து, நடுவில் விட்டுவிட்டுப் போன மண். பன்னிரண்டு குடிசைகள். பதினோரு குடிசைகளில் மாடு உண்டு. தண்ணீர் வடிந்திருக்கும் நேரத்தில் மாடுகள் நடந்தே கரையேறும். மற்ற நேரத்தில் ஒரு படகு. மின்சாரக் கம்பி ஆற்றங்கரை வரை வந்து, தண்ணீரைப் பார்த்ததும் நின்றுவிட்டது. பெரிய மழையில் வெள்ளம் வந்தால் கிருஷ்ணாயில்கூடக் கிடைக்காது. கரையிலேயே கியூவில் நிற்கிறவர்களுக்குக் கிடைக்கவில்லை, தீவில் இருப்பவர்களுக்கு எங்கே?

அங்கிருந்துதான் முனுசாமி எங்கள் தெருவுக்கு மாட்டை ஓட்டி வருகிறார். நம் ஊர் வழக்கம் தெரியுமே... வீட்டு வாசலில், நம் கண்ணெதிரே, நம் செம்பில் கறந்தால்தான் அது பால். இல்லாவிட்டால் தண்ணீர்.

ஒருநாள் முனுசாமியின் கண் செக்கச்செவேல் என்றிருந்தது. என்னவென்று ராமசேஷன் கேட்டார்.

"பொகை சாமி. குடிசை பூரா பொகை. என் சம்சாரத்துக்குப் பார்வையே மங்கிப் போச்சு. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில சொட்டு மருந்து குடுத்தாங்கோ. மருந்து இன்னா பண்ணும்? அடுப்பு இருக்குதே."

அவ்வளவுதான். அன்று மாலையே சங்கம் கூடியது. சாண எரிவாயு! சாணத்தைக் குழியில் கரைத்து ஊற்றினால் காஸ் வரும். மேலே கவிழ்த்த இரும்பு டிரம், காஸ் சேரச் சேர மேலே எழும்பும். குழாய் போட்டு வீட்டுக்கு வீடு அடுப்பு. புகை கிடையாது. கிருஷ்ணாயில் வேண்டாம். சங்கத்தில் நன்கொடை திரட்டினோம். ராமசேஷன் வரைபடம் போட்டார். விதிகளும் எழுதினார். மொத்தம் பதினோரு விதிகள். அவற்றைத் திட்டில் எல்லோரையும் கூட்டி நான்தான் படித்தேன். மாலை நேரம், பால் கறக்கும் வேளை. மூன்றாவது விதிக்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். ஏழாவதில் முனுசாமியும் போனார். கடைசிவரை உட்கார்ந்து கேட்டவள் ஒருத்திதான். அவளுக்குக் கறக்க மாடு இல்லை.

அவள் அஞ்சலை. பன்னிரண்டாவது குடிசை. நாற்பது வயதிருக்கும். மற்றவர்களின் மாடுகள் திட்டெங்கும் போடும் சாணத்தைப் பொறுக்கி, வறட்டி தட்டி, காயவைத்து, படகில் கொண்டுவந்து மயிலாப்பூரில் வெந்நீர் அடுப்புக்கு விற்பாள். அதுதான் பிழைப்பு.

ஒன்பதாவது விதி இது: மாடு உள்ள குடும்பங்களுக்கே இணைப்பு.

அதாவது, சாணம் முழுக்கக் குழிக்குப் போகும். அஞ்சலைக்கு வறட்டியும் இல்லை, அடுப்பும் இல்லை. இதைச் சங்கத்தில் யாருமே கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். கவனித்தோம். தீர்மானமே போட்டோம் — 'அன்னாரது நிலை குறித்து இச்சங்கம் தன் ஆழ்ந்த வருத்தத்தைப் பதிவு செய்கிறது.' வாசகம் என்னுடையது. நன்றாக வந்திருக்கிறது என்று ராமசேஷன் பாராட்டினார்.

தினமும் சாணம் கரைத்து ஊற்ற யார் யார் எந்த நாள் என்று முறைப்பட்டியல் ஒன்றும் அழகான கையெழுத்தில் எழுதி, பூவரச மரத்தில் கட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அதை முனுசாமியின் கன்று தின்றுவிட்டதாகக் கேள்வி. ஆனாலும் மூன்று வாரத்தில் குழி நிரம்பியது, டிரம் எழும்பியது. கரைத்து ஊற்றியது யார் என்று நாங்கள் கேட்கவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

டிரம்மில் முதலில் சேரும் காஸில் காற்று கலந்திருக்கும். நெருப்புப் பட்டால் வெடிக்கும். அதனால் முதல் தடவை முழுவதையும் வெளியே விட்டுவிட வேண்டும் என்பது ஐந்தாவது விதி. டிரம் எழும்பியதுமே விட்டிருக்கலாம். ஆனால் முனுசாமி ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார்: "பூசை போடாம தெறக்கக் கூடாது சாமி." ராமசேஷன் அதைவிட ஒரு படி மேலே போய், "கணபதி ஹோமமே பண்ணிடுவோம்" என்றார். நல்ல நேரம் ஏழரையிலிருந்து எட்டரை. வாத்தியார் மயிலாப்பூரிலிருந்து நெய், சமித்து, கலசம் எல்லாவற்றோடும் படகில் வந்திறங்கினார். டிரம்முக்குப் பக்கத்திலேயே செங்கல் அடுக்கினார். பூர்ணாஹுதி ஆனதும் வால்வைத் திறப்பது என்று ஏற்பாடு.

"வறட்டி எங்கே ஓய்?" என்றார் வாத்தியார்.

"மாட்டுத் தொழுவத்துக்கு யாராவது வறட்டி எடுத்துண்டு வருவாளோ? இங்கேயே இருக்குமே!" என்றார் ராமசேஷன்.

எல்லோரும் முனுசாமியைப் பார்த்தோம்.

"வறட்டியா? மூணு வாரமா அத்தினி சாணியும் குழியிலதான கொட்றோம். நீங்கதான சாமி சொன்னீங்கோ, ஒரு உருண்டை வெளியில போவக் கூடாதுன்னு."

மணி ஏழு நாற்பது.

அஞ்சலை வீட்டில் பழைய வறட்டி கொஞ்சம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஆள் அனுப்பினோம். அவளே வந்தாள். கையில் ஒரு சாக்குப் பை. முழங்கை வரை பச்சைச் சாணம் அப்பியிருந்தது.

"குடுமே, நல்ல நேரம் போய்க்கினு கீது" என்றார் முனுசாமி.

"குடுக்கறேன் நைனா. மொதல்ல ஒண்ணு கேக்கணும்." ராமசேஷன் பக்கம் திரும்பினாள். "எனுக்கு அடுப்பு உண்டா, இல்லியா?"

"விதிப்படி மாடு இருக்கணுமேம்மா" என்றார் ராமசேஷன்.

"மாடு இல்லாட்டி இன்னா? கை கீதே." இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். "இருவது நாளா கரைச்சு ஊத்தனது யாருன்னு கேளு சாமி. நைனாவா ஊத்துச்சு?"

முனுசாமி மாட்டைப் பார்த்தார். அவர் மனைவி, "அவதான் ஊத்தனா. பொய் சொல்லக் கூடாது, கண்ணு ஏற்கெனவே தெரியல" என்றாள்.

ஒருவேளை தனக்கும் ஒரு அடுப்பு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில், யாரும் சொல்லாமலே, விடிகாலையில் எழுந்து நாற்பது மாட்டுச் சாணத்தையும் அவள் கரைத்திருக்கிறாள். நாங்கள் அவளுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்த அதே மூன்று வாரங்களில்!

"விதியை மாத்தணும்னா பொதுக்குழு கூட்டணும்... ஏழு நாள் முன்னாடி நோட்டீஸ்..." என்று இழுத்தார் ராமசேஷன்.

வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஓய், எட்டரைக்கு அப்புறம் நான் பொறுப்பில்லை."

பொதுக்குழு அங்கேயே கூடியது. நின்றபடியே. ஒன்பதாவது விதி திருத்தப்பட்டது: மாடு உள்ளவர்களுக்கும், சாணம் கரைப்பவருக்கும் இணைப்பு. குழியில் கழியும் சாணக் கரைசல் உரமாக விற்கும் என்பதால் அதுவும் கரைப்பவருக்கே. ஏகமனதாக. நான்கு நிமிடம். எங்கள் சங்கத்தில் காபி வாங்குவதற்கே இதைவிட நேரமாகும்.

"இப்போ குடு" என்றார் ராமசேஷன்.

அவள் கொடுக்கவில்லை.

"இன்னாமே அஞ்சல, இன்னும் இன்னா ரோதனை?" என்று முனுசாமி கத்தினார்.

"சாமி, நீங்க படிச்ச காயிதத்துல நாலாவது இன்னா?" என்று என்னைக் கேட்டாள்.

நோட்டைப் புரட்டினேன். 'டிரம்முக்கு முப்பது அடிக்குள் எவ்வித நெருப்பும் கூடாது.'

எல்லோருடைய கண்ணும் செங்கல்லுக்குப் போயிற்று. டிரம்முக்கும் அதற்கும் ஐந்து அடி. பக்கத்தில் நெய்க்குடம். சற்று நேரத்தில் திறக்கப்போகும் வால்வு, நேர் எதிரே. சுற்றிப் பன்னிரண்டு ஓலைக் குடிசைகள். நான்கு பக்கமும் தண்ணீர் — தீயணைக்கும் வண்டி வரவேண்டுமானால் படகில்தான் ஏற்ற வேண்டும்.

அந்த விதியை எழுதியவர் தோளில் அங்கவஸ்திரத்தோடு சங்கல்பத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். படித்தவன் பக்கத்தில் நிற்கிறேன். இருவருக்கும் தோன்றவில்லை. யாரை அந்தக் காகிதம் வெளியே நிறுத்தியதோ, அவளுக்குத்தான் அது மனப்பாடம். எழுதி முடித்த விதியை எழுதினவர்கள் மறுபடி படித்துப் பார்த்து நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா?

ராமசேஷன் லேசில் விடுகிறவர் அல்ல. "ஹோமாக்னி வேற, நெருப்பு வேறம்மா" என்றார்.

"அத்த காஸுகிட்ட சொல்லு சாமி" என்றாள் அஞ்சலை.

முதலில் சிரித்தவர் வாத்தியார்.

ஹோமம் எதிர்க்கரைக்குப் போயிற்று. செங்கல், நெய், கலசம், வாத்தியார், ராமசேஷன், வறட்டிச் சாக்கோடு அஞ்சலை — எல்லோரும் படகில். எட்டு இருபத்தெட்டுக்குப் பூர்ணாஹுதி. திரும்பி வந்து, திட்டில் இருந்த அடுப்புகளை எல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, வால்வைத் திறந்தோம். உஸ்ஸென்று ஒரு சத்தம், ஒரு நாற்றம். டிரம் மெதுவாகக் கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டது.

முனுசாமி வீட்டில் புது அடுப்பு மஞ்சள் குங்குமத்தோடு தயாராக இருந்தது. மேலே பால் பாத்திரம், கழுத்தில் மஞ்சள் கொத்து. முதல் பால் அங்கேதான் பொங்க வேண்டும் என்று ஏற்பாடு.

"எப்போ எரியும்?" என்றார் முனுசாமி.

"மறுபடி சேரணும்" என்றார் ராமசேஷன்.

பன்னிரண்டு மணி. எமகண்டம். டிரம் அசையவில்லை. வாத்தியார் தட்சிணையோடு கிளம்பிவிட்டார். மூன்று மணி. டிரம் நாலு விரல் எழும்பியிருந்தது. ராமசேஷன் சோப்புத் தண்ணீரைக் குழாய் மூட்டுகளில் ஒவ்வொன்றாகத் தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். இரண்டு இடத்தில் வந்தது. இறுக்கினார். காலையில் கோட்டை விட்டவர், அதற்குப் பிறகு ஒரு மூட்டையும் விடவில்லை. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

ஐந்து மணிக்கு, "இப்போ பத்த வைக்கலாம்" என்றார்.

முனுசாமியின் மனைவி காலண்டரைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, மகளை விட்டுப் படிக்கச் சொன்னாள். ஞாயிறு. நாலரை முதல் ஆறு. ராகு காலம்.

"ஆறு மணிக்கப்பால பத்த வெச்சுக்கறேன் சாமி."

அடுத்த வீட்டிலும் அதே பதில். பதினோரு வீட்டிலும் அதே பதில். ராமசேஷனால் வற்புறுத்தவும் முடியவில்லை. காலையில் நல்ல நேரத்துக்காக அந்தப் பாடு படுத்தியவர் அவர்தானே! ஆனால் இருட்டுவதற்குள் படகு ஏற வேண்டும். அவர் கண்ணால் ஒரு அடுப்பாவது எரியாமல் விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை.

குழாயின் கடைசி நுனியில், அன்று மத்தியானம்தான் பொருத்தின பன்னிரண்டாவது அடுப்பு இருந்தது. அஞ்சலை தலை முடிந்துகொண்டு எழுந்தாள்.

"ராகு காலத்துல பசிக்காதா சாமி?"

தீக்குச்சியை முதலில் கொளுத்திக் கிட்டே பிடித்துக்கொண்டு, பிறகே குழாயைத் திறந்தாள். ஆறாவது விதி. பப்பென்று ஒரு சின்னச் சத்தம்... நீலமாகச் சுடர் வட்டமிட்டு நின்றது. அவள் உடனே சட்டியை வைக்கவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோய், கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். புகை வரவில்லை. அதன் பிறகும் சற்று நேரம் பார்த்தாள்.

"மொதல்ல பால் காய்ச்சும்மா" என்றார் ராமசேஷன்.

"பாலுக்கு நான் எங்க போவேன்?" என்று சொல்லி, காலையில் அடுப்பை அணைக்கச் சொன்னதால் பாதியில் நின்றிருந்த சட்டியை எடுத்து வைத்தாள்.

கருவாட்டுக் குழம்பு.

ராமசேஷன் அங்கவஸ்திரத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, சுடரின் உயரத்தைக் கடைசிவரை நின்று அளந்தார். பதினோரு வீட்டுப் பெண்களும் வாசலில் கூடிவிட்டார்கள். முனுசாமியின் மனைவி எல்லோரையும் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அடுப்புக்கு மேலே குனிந்து, கண்ணைத் திறந்து திறந்து மூடினாள்.

"எரியல அஞ்சல. கண்ணு எரியவே இல்லடி!"

படகில் வரும்போது ராமசேஷன் அங்கவஸ்திரத்தை உதறி உதறி முகர்ந்து பார்த்தார். கரை நெருங்கியபோது சொன்னார்: "ஓய், நடவடிக்கைக் குறிப்புல 'காலை சுப முகூர்த்தத்தில் பால் காய்ச்சித் தொடங்கி வைக்கப்பட்டது'ன்னு போட்டுடும். நன்கொடை குடுத்தவா படிப்பா."

நான் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தேன்.

'முதல் அடுப்பு: அஞ்சலை வீடு. மாலை 5.10, ராகு காலம். சமைத்தது: கருவாட்டுக் குழம்பு. புகை இல்லை. வாசனை உண்டு.'