உணர்ச்சி இருந்தது, விரல் மடங்கவில்லை

சாலவாக்கம் பக்கம் நெல் அறுக்கும்போது அரிவாள் நழுவி, என் இடது ஆள்காட்டி விரலின் உள்பக்கத்தை ஆழமாக வெட்டிவிட்டது. காயத்தில் துணி சுற்றிய என் கணவர் விரல் நுனியைக் கிள்ளி, "உணர்ச்சி கீதா, இல்லியா?" என்றார்.

"கீது."

"அப்போ நரம்புக்கு ஒண்ணும் ஆவல, உடு."

நானும் நம்பித் தொலைத்தேன். மூன்று வாரத்தில் புண் ஆறியது, விரல் மடங்கவில்லை. டாக்டர் திட்டினார். "உணர்ச்சி தர்றது நரம்பு. விரலை இழுத்து மடக்குறது தசைநாண், கயிறு மாதிரி. அது அறுந்து உள்ளே சுருங்கிடுச்சு. அன்னிக்கே வந்திருந்தா தைச்சிருக்கலாம்."

இரண்டையும் நரம்பு என்றே சொல்லித் திரிந்த எங்கள் வாயை என்ன செய்வது! இப்போது யாருக்கு வெட்டுப்பட்டாலும் நான் கிள்ளிப் பார்ப்பதில்லை. "இப்டி மடக்கிக் காட்டு" என்று என் கையையே மடக்குகிறேன். அந்த ஒரு விரல் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது.